டெல்பினின் நான்காவது கேள்வி

ஹல்விக், மின்னசோட்டா
பிப்ரவரி 3

அன்பு மகள் சோல்வெய்குக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்து வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். அக்டோபரில் எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நீ கூப்பிட்டபோது சளி என்று சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் உன் அப்பனுக்கு இவ்வளவுதான் புத்தி. போனில் பேசினால் மறுபடியும் சளி என்றுதான் வாயில் வரும், அதனால்தான் கடிதம்.

மருத்துவமனையில் எனக்கென்று டெல்பின் என்ற நர்ஸை நியமித்திருக்கிறார்கள். ஊசி போடுவது அவள் வேலையில்லை. ஸ்கேன் எடுப்பவர், மருந்து ஏற்றுபவர், அறுவை சிகிச்சை செய்பவர் என்று ஆளுக்கொரு கட்டிடத்தில் இருப்பவர்களை ஒரே கயிற்றில் கட்டி, அதன் நுனியில் என்னையும் முடிந்து இழுத்துப்போவதுதான் வேலை. லூசியானாக்காரி, மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிற ஊர். நம் ஊரில் காப்பி வேண்டுமா என்றால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் முறை அரைக் கப் போதும் என்று இறங்கிவருவோம். அவள் வண்டி ஏற்பாடு செய்யவா என்றாள், வேண்டாம் என்றேன், சரி என்று வைத்துவிட்டாள். மறுபடி கேட்பாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பனியில் நானே ஓட்டிப்போனேன்.

ஜனவரியில் மருந்து ஏற்றிய மறுவாரம் காய்ச்சல். டெல்பின் போனில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பல் தந்தியடிக்க, மோசமில்லை என்றேன். நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைக் கேட்டதும் பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். மாலையில் ஏதோ உறுத்தி மறுபடி கூப்பிட்டு, தெர்மாமீட்டரில் உள்ள எண்ணை மட்டும் படிக்கச் சொன்னாள். நூற்று மூன்று. "உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லாத நேரத்துல இப்படியா மறைப்பீங்க? கதவத் தொறந்து வச்சுட்டு உக்காருங்க, ஆம்புலன்ஸ் வருது" என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் படுக்கை, மருந்து, டாக்டர் எல்லாம் தயார். இன்னும் தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மில்டன்தான் எழுதியிருப்பான், அவன் கையெழுத்தை உன்னால் படிக்கவும் முடியாது.

அதன்பிறகு யாரோ நம் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது எதையும் மூன்று முறை கேட்கிறாள். போன செவ்வாய், மகளுக்குத் தெரியுமா என்றாள். மூன்று முறையும் தெரியும் என்றேன். அவள் பேனாவை மூடினாள், தப்பித்தோம் என்று நான் கோட்டை எடுத்தேன். "ஆபரேஷன் அன்னைக்கு வெளிய உங்களுக்காக யாரு உக்காந்திருப்பாங்க?" என்றாள். நான்காம் முறை கேட்டால் என்ன சொல்வது என்று நம் ஊரில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மில்டன் என்று சொல்ல வாயெடுத்து, கோட்டுக்குள் ஒரு கை மட்டும் நுழைந்தபடி நின்று அழுதுவிட்டேன். மார்ச் பதினேழு, காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று எழுதித்தான் பழக்கம். வா.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. மார்ச்சிலும் இங்கே பனிதான், கனமான பூட்ஸ் எடுத்துவர மறக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா ஆர்வில்