சாட்சி சொன்ன பிறகு மாத்திரை

12 ஜூன், வியாழன்
விடாத மழை. பாறசாலையில் ரயில் தாமதம். லேபில் செல்களுக்கு மருந்து மாற்றினேன். மாலை காரோடு ஊரில் அக்கா வீடு. டீத்தூள் தேடி அலமாரியைத் திறந்தால், மார்புப் புற்றுக்கு அவள் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை அட்டைகள். ஒன்று பாதி தீர்ந்திருந்தது, மற்றவை பிரிக்கவே இல்லை. ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து உபவாச ஜெபத்தில் ‘சுகமானேன்’ என்று சபை முன் சாட்சி சொன்னாளே, அன்றோடு நிறுத்திவிட்டாளாம்.

“சாட்சி சொல்லியாச்சு மக்கா. இனி குளிகை தின்னா ஆண்டவர நம்பலேண்ணு ஆவும்.”

கத்திவிட்டு வந்தேன். பலனில்லை.

13, வெள்ளி
நாள் முழுக்க லேபில் ஈ.ஆர். புரதம், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் வந்து அதில் உட்கார்ந்தால் அது டி.என்.ஏ.வைப் பிடித்து வளர்ச்சி ஜீன்களை முடுக்கிவிடும். அக்காவின் கட்டியும் அந்த வகைதான். மாத்திரை அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். செமினாரில் சொல்வது போல வீட்டில் சொல்ல முடியாது. வேறு வழி பார்க்கிறேன். விடமாட்டேன்.
வாங்க வேண்டியவை: கோதுமை மாவு, குடை.

14, சனி
பனச்சமூட்டில் பஸ் நிற்கும் முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகத் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை வீசி சீட் பிடித்தார். ஏறியவர்கள் முணுமுணுத்தார்கள், அதில் உட்காரவில்லை. நேராக அக்காவிடம் போனேன்.

“செல்லுக்குள்ள ஒரு சீட்டு உண்டு. ஹார்மோன் அதுல இருந்தா கட்டி வளரும். குளிகை, சீட்டுல போட்ட துவர்த்தாக்கும்.”

“கட்டியத்தான் எடுத்தாச்சே?”

“ஒண்ணு ரெண்டு செல்லு ஒளிஞ்சு கிடந்தா? பாஸ்டரு கண்ணாடி போட்டுத்தானே வேதம் வாசிக்காரு. அவருக்கு விசுவாசம் இல்லியா?”

சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். “சபையில எந்த மூஞ்சிய வச்சிட்டு நிக்க?”

ஆக, ஆட்களுக்குத்தான் பயந்திருக்கிறாள். பாவமாக இருந்தது. டாக்டருக்கு போன் செய்தேன். இன்றே தொடங்கலாம் என்றார். என் முன்னாலேயே விழுங்கினாள்.

15, ஞாயிறு
ஆராதனை. சாட்சி நேரம். அக்கா எழுந்தாள். நான் எழச் சொல்லவே இல்லை.

“ஆண்டவர் எனக்கு சுகம் தந்தாரு. குளிகையும் அவரு தந்ததாக்கும். நான் நடுவுல நிறுத்தினது தப்பு. நேத்து திரும்பத் தொடங்கியாச்சு.”

ஒருவர்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டைச் சொன்னார்.

வெளியே மழை. எல்லோரும் எங்களைப் பார்க்காமல் குடை விரித்துப் போனார்கள். போன வருஷம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஸ்டெல்லா மட்டும் வாசலில் நின்றாள். அக்காவின் கையைப் பிடித்தாள்.

“நானும் நிறுத்திட்டேன் அக்கா.”