விடியக்காலம் சொல்லும் பேர்

மதினி,

நேற்று உங்கள் மகள் வந்திருந்தாள். டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணும்போது அடியில் கிடந்ததாம், மஞ்சளும் கறுப்புமாய்ப் பூப்போட்ட அந்தத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். துவைத்து மடித்துத்தான் வைத்திருந்தீர்கள். ஆனாலும் முகத்தருகே கொண்டுபோனதும் பட்டாசு மருந்தின் வாடை அடித்தது. நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது, வாடை போகமாட்டேன் என்கிறது. துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது எனக்கு.

ஆமத்தூர் விலக்கில் காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வரும். கடைசி சீட்டு நமக்கு. உங்களுக்கு மருந்து அடைக்கிற ரூம், எனக்குப் பெட்டி கட்டுகிற வேலை. சிவகாசி போய்ச் சேரும்வரை உங்களை நான் விடுகிறதில்லை.

"மதினி, இந்த ஞாயித்துக்கிழமையாவது கோயிலுக்கு வாங்களேன். தெனமும் நாலரைக்கு எந்திச்சு உங்க பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுதேன்."

"எங்க மாரியாத்தாளுக்கும் உங்க சாமிக்கும் ஏன் தாயி சண்டை மூட்டுத? அவுக பாட்டுக்கு இருந்துட்டுப் போறாக."

நான் கொடுத்த வேதவசனக் கைப்பிரதித் தாளிலேயே வறுகடலையை மடித்து என்னிடம் நீட்டுவீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கடலையையும் விடமாட்டேன், தின்பேன்.

எங்கள் சபையிலிருந்து ஆப்பிரிக்காவில் மலாவிக்கு ஊழியத்துக்குப் போன குழுவில் என்னைச் சேர்த்தது பிரசங்கத்துக்கு அல்ல, சமையலுக்கு. அதற்கே பாஸ்போர்ட் வந்த அன்று நான் பண்ணின அலட்டல் கொஞ்சமா? ஒரு தேசத்தையே இரட்சித்துவிட்டு வரப்போகிறவள் மாதிரி வேனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். நீங்கள் ஒருத்திதான், "அங்கன சோத்துக்கு உப்பு அளவாப் போடு தாயி, வேத்து ஊரு" என்றீர்கள்.

நாலு மாதம். எனக்கு முன்னாலேயே ஆண்டவர் அங்கே போய் உட்கார்ந்திருந்தார், மதினி. அந்த ஊர்ப் பெண்கள் ஜெபிப்பதைக் கேட்டால் நான் பண்ணினதெல்லாம் ஜெபமா என்று கூச்சமாக இருந்தது. மக்காச்சோள மாவு கிண்ட எனக்குக் கூடமாட நின்ற ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. நடை பழகுகிற வயசு. ஒன்பது நாள் அதன் தலைமாட்டில் முழங்காலில் நின்றேன். யாருக்காகவும் நான் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளை போய்விட்டது. நாலாம் நாள் அவள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் ஊருக்குக் கிளம்பும்போது தன் துணிகளில் நல்லதாக, மஞ்சளும் கறுப்புமாய் இருந்த இந்தத் துணியை எடுத்து என் தோளில் போட்டாள். அதோடு ஆண்டவரிடம் எனக்குப் பேச்சு நின்றுபோனது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எத்தனை ஆத்துமா ஆதாயம் பண்ணினேன் என்று சபையே காத்திருந்தது. மைக்கைப் பிடித்து, "நல்லாச் சமைச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போதகர் முகம் சுருங்கிப்போனது. உங்களிடம் சொன்னபோது வேனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

அந்தத் துணியை வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் தள்ளிவிட்டேன். நீங்கள் அதைத் தலைக்கும் மூக்குக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மருந்து ரூமுக்குள் போனீர்கள். அதன்பிறகு உங்களைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. கைப்பிரதி கொடுக்கவில்லை. அலுத்துப்போயிருந்தேன், மதினி. நாலரைக்கு விழிப்பு வரும். பாயிலேயே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

தீபாவளி சீசன் நெருக்கடியில் ஒருநாள், வேன் நாரணாபுரத்தைத் தாண்டும்போது கேட்டீர்கள்.

"என்ன தாயி, என்னைய விட்டுட்டியா?"

"என்ன மதினி சொல்லுதீக?"

"கோயிலுக்கு வான்னு கூப்புடக் காணோம். தாளு குடுக்கக் காணோம். இவ தேற மாட்டான்னு கைகழுவிட்டியா?"

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

"நான் எங்க வரப்போறேன், அது கெடக்கட்டும். எங்க வீட்டுல அவுக 'ஏய்'ம்பாக. பிள்ளைகளுக்கு அம்மா. கம்பெனியில எட்டாம் நம்பர் ரூமு. என் பேரைச் சொல்ல ஆளே கெடையாது தாயி. விடியக்காலம் ஒருத்தி எந்திச்சு எம் பேரைச் சொல்லுதாளேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் அடுப்பே பத்தவைப்பேன். இப்பவும் சொல்லுதியா?"

"சொல்லுதேன் மதினி" என்றேன்.

பொய். நீங்கள் அதை நம்பி, என் தோளில் தலையைச் சாய்த்துக் கம்பெனி வாசல்வரை தூங்கினீர்கள். அந்தத் தோள் எனக்கு அன்று முழுக்கக் கனத்தது. அன்றைக்கே திருத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் எழுந்து ஒருதரம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. யாரிடம் சொல்ல என்ற வீம்பு. காது கேட்காத இடத்தில் போய் நிற்பானேன் என்ற சலிப்பு.

அந்த மார்கழியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு வாரம் வேலைக்கு வந்தீர்கள், அப்புறம் விருதுநகர் பெரியாஸ்பத்திரி. கட்டிலோரம் நின்ற என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்டது தண்ணீர் இல்லை. "சொன்னியா?" என்றீர்கள். "காலையிலேயே சொல்லிட்டேன் மதினி" என்றேன். இரண்டாவது பொய். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப்பிறகு நாம் பேசவில்லை.

உங்களை அடக்கம் பண்ணின மறுநாள் நாலரைக்கு எழுந்து முழங்காலில் நின்றேன். ஆண்டவரே என்று ஆரம்பிக்கக்கூட வாய் வரவில்லை. உங்கள் பேர்தான் வந்தது. அதை மட்டும் சொன்னேன். அழுது தீர்த்துவிட்டு வேனுக்குப் போனேன். கடைசி சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று வருஷமாக அவ்வளவுதான் என் ஜெபம். உங்களைக் கோயிலுக்குக் கொண்டுவா என்று கேட்கிறதில்லை, எதுவுமே கேட்கிறதில்லை. சில நாள் உங்கள் பேருக்குப் பின்னாலேயே அந்த மலாவிப் பிள்ளையின் பேரும் வருகிறது. அதன் தாய் பேரும் வருகிறது. என் அலுப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இனியும் உங்களிடம் பொய் சொல்ல முடியாது.

இந்த மடலில் உங்கள் பேரை நான் எழுதவில்லை. அது நாலரை மணி ஜெபத்துக்கு உள்ளது. துணியை இனித் துவைக்கப்போவதில்லை, முழங்காலுக்குக் கீழே விரித்துக்கொள்வேன்.

கேட்குதா மதினி? அன்றைக்குச் சொன்னது பொய். இன்றைக்குக் காலையில் சொன்னேன்.