செருப்பைக் கழற்றிய சம்பந்தி

மரக்காணம்
10-5-1976

அன்புள்ள மகள் பொன்னிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அப்பாவும் முந்தாநாள் கன்று போட்ட பசுவும் நல்ல சுகம். பம்பாயில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. கூட வேலை செய்கிற தட்சணாமூர்த்தியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நேராகச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நாங்கள் இதில் 'அப் டு தி நெக்' இறங்கிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். ஒரு காரியத்தில் முழுசாக இறங்கியவர்களை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள், கழுத்து வரைக்கும் என்று அர்த்தம், வேலைக்கும் சொல்லலாம் வம்புக்கும் சொல்லலாம் என்று எனக்குப் பாடம் வேறு நடத்தியிருந்தாய். நாம் தலைக்கு மேல் வேலை என்கிறோம், வெள்ளைக்காரன் மூச்சு விட இடம் வைத்துக் கழுத்தோடு நிறுத்திக்கொண்டான் போலிருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ கழுத்து வரைக்கும் எறங்கட்டும், நான் காலைக்கூட நனைக்க மாட்டேன், தாலி கட்டுற எடத்துக்கும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். அப்பன் வராமல் என் பெண்ணுக்கு ஒரு கல்யாணமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பா சிவப்பிரகாசம் ஜோலார்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து நம் வாசலில் நிற்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவராம். நான் காபி போடுவதற்குள் சம்பந்தியைப் பார்க்க வேண்டும் என்று உப்பளத்துக்கே கிளம்பிவிட்டார், நானும் பின்னாலேயே ஓடினேன். போனவர் வரப்போடு நிற்கக் கூடாதா? உப்பு விளைந்து கிடக்கிற பாத்திக்குள் செருப்புக் காலை வைத்துவிட்டார். உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாதா, "யாருய்யா அது, சோத்துல செருப்போட நிக்கிறது" என்று கத்தினார். அவ்வளவுதான், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேற்கே கருத்துக்கொண்டு கோடை மழை வருகிறது. வாரிக் குவித்த உப்பெல்லாம் வெட்டவெளியில் கிடக்கிறது. நானும் உப்பு வாருகிற பாஞ்சாலையும் மற்ற வேலையாட்களும் குவியலை மூடப் பனை ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தால் அந்த மனுஷர் செருப்பை உதறிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உன் அப்பாவுக்கு எதிரே ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இன்னும் தள்ளி இழுங்க" என்று அப்பா அதட்டுகிறார், அவரும் "சரிங்க சரிங்க" என்று இழுக்கிறார். மழை கொட்டுவதற்குள் எல்லாக் குவியலும் மூடியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்க்கிறோம், உப்புத் தண்ணீர் பழகாத கால், பாதமெல்லாம் உப்புக்கல் கீறிக் கிடக்கிறது. எரிகிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை பார். அவர் காலை இழுக்க இழுக்க, உன் அப்பாவே கீழே உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். "சொல்லியிருந்தா உங்கள கரையிலேயே நிக்க வெச்சிருப்பேனே" என்றதற்கு, "கல்யாணம் பேச வந்துட்டு கரையில நின்னா எப்படிங்க" என்றார் அவர். உன் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அடுப்படியில் அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது. பந்தலுக்குப் பிரம்மதேசத்தில் சொல்லிவிட்டார், மேளத்துக்கு வானூர் போய் வந்துவிட்டார், சாம்பாருக்கு என்ன காய் என்று சமையல்காரரோடு இப்போதே சண்டை. என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீ எழுதிய இங்கிலீஷ் பேச்சு உங்கள் இரண்டு பேரையும் விட இவருக்குத்தான் பொருத்தம். அதைச் சொன்னால் காது கேளாதவர் மாதிரி வெளியே போய்விடுகிறார்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தம்மாள்

பொன்னி, அப்பா எழுதுவது. சம்பந்தியின் செருப்பு மழைத் தண்ணீரோடு போய்விட்டது. புதுசு வாங்கப் பாண்டிச்சேரி போகிறேன். மாப்பிள்ளைக்கும் ஒரு ஜோடி வாங்க வேண்டும். அவரை ஒரு காகிதத்தில் காலை வைக்கச் சொல்லி, சுற்றிக் கோடு போட்டு உடனே அனுப்பு.