மார்வுட் கப்பலின் மணி

டார்ட்மத்
3 மார்ச் 1954

அன்புள்ள திருமதி டிரெகென்சா,

நலம்தானே? நம் நாசகாரிக் கப்பல் மார்வுட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். போரின்போது ஆர்க்டிக் கடலில் கப்பல் மேல் குண்டு விழுந்த அன்று சுக்கானை விடாமல் பிடித்தபடியே உயிர்விட்ட உங்கள் கணவர் வில்ஃப்ரெட் இல்லாமல் அந்த வரலாறு ஏது? அவருடைய படம் ஒன்று அனுப்புவீர்களா? கப்பலை உடைத்தபோது அதன் மணியை நான் வாங்கிவிட்டேன். இப்போது என் வீட்டு வாசலில் தொங்குகிறது.

தங்கள்,
கேப்டன் ஆப்ரி ஸ்டாவெல்

பிளிமத்
9 மார்ச்

மதிப்பிற்குரிய கேப்டன் ஐயா,

மணி உங்களிடமா இருக்கிறது! நான் விசாரிக்காத ஆள் இல்லை. எங்கள் மகள் ஈனிட்டுக்கு அதில்தானே ஞானஸ்நானம் நடந்தது? மணியைத் தலைகீழாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள், நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். மணிக்குள்ளே அவள் பெயரை வெட்டி முடித்ததும் வில்ஃப்ரெட், "இனிமே இவளும் நம்ம கப்பல் ஆளுதான் ஹில்டா, சம்பளம்தான் கிடையாது" என்று சிரித்தார்.

பிளிமத் மேல் குண்டு போட்டபோது வீட்டோடு குழந்தையும் போய்விட்டாள். பொதுக்குழியில் புதைத்தார்கள், கல்லும் இல்லை, படமும் இல்லை. அவள் பெயர் இருக்கும் இடம் அந்த மணி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வரட்டுமா? ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். மாமியாரிடம் வாங்கி வைத்த வில்ஃப்ரெட்டின் படத்தையும் கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
ஹில்டா டிரெகென்சா

டார்ட்மத்
12 மார்ச்

அன்புள்ள திருமதி டிரெகென்சா,

தயவுசெய்து வர வேண்டாம். போன வருடம் என் பேரனுக்கும் அந்த மணியில்தான் ஞானஸ்நானம் செய்தோம். உள்ளே மாலுமிகளின் பிள்ளைகள் பெயர்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. அவன் பெயருக்கு இடமில்லாததால் எல்லாவற்றையும் அராவி வழவழப்பாக்கச் சொல்லிவிட்டேன். இத்தனை காலம் கழித்து யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

உங்கள் மகளின் பெயரை எழுதி அனுப்புங்கள், மறுபடி வெட்டச் சொல்கிறேன். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள், படத்தை உடனே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

தங்கள்,
ஆப்ரி ஸ்டாவெல்

பிளிமத்
15 மார்ச்

கேப்டன் ஸ்டாவெல் அவர்களுக்கு,

வயிறு எரிகிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

மகளின் பெயரை எழுதி அனுப்பச் சொல்கிறீர்கள். போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதைக்கூட நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. உங்கள் பேரன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பச்சைக் குழந்தை என்ன செய்யும்? ஆனால் அவன் பெயருக்குக் கீழே, போனால் போகிறதென்று போட்ட பெயராக என் மகள் இருக்க வேண்டாம்.

உங்கள் கப்பலைக் கரைசேர்க்கத்தான் என் வீட்டுக்காரர் செத்தார். புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பீர்கள். அந்த இடத்தையும் உங்கள் பேரனுக்கே கொடுத்துவிடுங்கள். படம் தர மாட்டேன்.

ஹில்டா டிரெகென்சா,
ஈனிட்டின் அம்மா