தகப்பனின் இனம் என்ற கட்டம்

கட்டுக்கலை,
கண்டி.
2.4.1981

அன்பு மகன் லோகநாதனுக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும், உன் மனைவி சுந்தரியும், நீ இன்னும் கண்ணால் பார்க்காத உன் மகளும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கேற்றும்போது தினமும் வாய்விட்டே கேட்கிறாள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். மூக்கு உன் மூக்குத்தான், அதில் சுந்தரிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். கலஹாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வரும்போது ஒரு பலாப்பழத்தையும் சுமந்து வந்தார்கள்.

இனி, எழுதாமல் தள்ளிப்போட்டு வந்ததை எழுதிவிடுகிறேன். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தகப்பனின் இனம் என்ற கட்டத்தில் இலங்கைத் தமிழர் என்றே போட வேண்டும், இந்தியத் தமிழர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று போன கடிதத்தில் சிவப்பு மையால் கோடிட்டு எழுதியிருந்தாய். காரணம் எனக்குத் தெரியாததல்ல. பாஸ்போர்ட் எடுக்க நீ கொழும்புக்கு நாலு தடவை அலைந்தாய், உன் பிறப்புப் பத்திரத்தில் அந்தச் சொல் இருந்ததால், மனுப் போட்டு வாங்கிய அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள், இந்தக் கண்டியிலேயே பிறந்த நீ என் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாய். உன் மகளாவது அதைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது என்பது உன் ஆசை. நியாயமான ஆசை. அதைத்தான் நான் கெடுத்துவிட்டேன் தம்பி.

பதிவுகாரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுகிறார், மரியாதையாகக் கதிரையில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் என் கை தானாகப் பைக்குள் போய், பிளாஸ்டிக் உறையில் இருக்கும் அந்தப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டது. அவர் கேட்கவே இல்லை. அரிசிக் கூப்பன் கடை, தபால் கந்தோர், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் யாரும் கேட்பதற்கு முன்னால் அதை நீட்டி இருபத்தைந்து வருடம் பழகிய கை. அவர் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப இந்தியத் தமிழர்தானே ஐயா” என்றார். நானும் “ஆமாங்க” என்றேன். அவ்வளவுதான். மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஊராருக்கெல்லாம் போரம் நிரப்பிக் கொடுத்தவன் சொந்தப் பேத்தியின் காரியத்தில் கோட்டை விட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணாடியைப் போட்டு வாசித்தபிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது. திரும்பி ஓடினேன். பதிந்தாகிவிட்டது, இனி முறைப்படி விண்ணப்பம் போட்டுத்தான் திருத்தலாம் என்றார்.

அதே கிழமை குடிசனக் கணக்கு எடுக்கவும் வந்தார்கள். வந்தது ஒரு டீச்சர் பிள்ளை. செய்த பிழைக்குப் பரிகாரம்போல அவளிடம் இலங்கைத் தமிழர் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மகன் ஒன்னு, அப்பன் ஒன்னா? ஊர் சிரிக்காதா?” என்றாள். கடைக்கார றவூப் நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “எங்கட வாப்பா காயல்பட்டணத்தால வந்தவர், இந்தியச் சோனகர்ன்டுதான் எழுதின. நான் அறுபத்திமூனு கணக்குல இலங்கைச் சோனகர்ன்டு சொன்னேன், ஒத்தரும் ஒன்டும் கேக்கல்ல. நீங்க ஏன் ஐயா இவ்வளவு யோசிக்கிறீங்க” என்றார். அவருக்கு அது அவ்வளவு லேசாக முடிந்திருக்கிறது. கணக்கு வெளிவந்ததும் இந்தியத் தமிழர் குறைந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போடுவார்கள் பார். என்னைப்போல இருந்த இடத்தில் இருந்துகொண்டு வாயால் குறைந்தவர்கள் எத்தனை பேர், உன் சீதா அத்தை குடும்பத்தைப்போல உண்மையாகவே போனவர்கள் எத்தனை பேர் என்று யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அத்தை இருந்த கலஹா தோட்டத்து லயத்தில் பத்துக் காம்பராவில் மூன்றில்தான் இப்போது ஆள் இருக்கிறது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பயந்து சிலர் வவுனியாவுக்குப் போனார்கள், மற்றவர்கள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கூடலூரில் தங்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அத்தை எழுதியிருந்தாள். இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரி, அங்கே போனால் சிலோன்காரி. எனக்கு அலுத்துவிட்டது தம்பி. நீ யார், நீ யார் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது.

திருத்துகிற போரத்தை இதோடு வைத்திருக்கிறேன். தகப்பன் என்ற முறையில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். மற்றக் கட்டங்களை நானே நிரப்பிவிட்டேன். பிழை ஏற்பட்ட காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். மறதி என்று எழுதினால் பொய், ஒன்றையும் மறக்காததால் வந்த வினைதான் இது. பழக்கம் என்று எழுதினால் கந்தோரில் ஏற்க மாட்டார்கள். என் அப்பா சாகும்வரை சுமந்த, நானும் சுமக்கிற பெயரைப் பிழை என்று என் கையாலேயே எழுதவும் மனம் வரவில்லை. ஆனால் பேத்திக்கு அந்தச் சுமை வேண்டாம். அதனால் அந்தக் கட்டத்தை நீயே நிரப்பு. “பிறப்பை அறிவித்த என் தகப்பனாருக்கு வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது” என்று எழுது. கிழவனின் புத்தியைப் பற்றி எந்தக் கந்தோரிலும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய். பிள்ளையாரப்பன் உனக்கு நீண்ட ஆயுளும், பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் நாளையும் சீக்கிரம் தரட்டும். போரத்தைத் தாமதிக்காமல் அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருதடவை முழுக்க வாசித்துப் பார், அப்பா நிரப்பியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
மு. வீரய்யா