யாரோ பெத்த மாலுமிக்கு ஒரு மெழுகுவத்தி

பினாங்கு, 1921 நவம்பர் 3

சூசை அப்பாவுக்கு மரியபுஷ்பம் தோத்திரம் சொல்லி எழுதுறது. மாதா புண்ணியத்துல நான் சொகம். உங்க இருமல் தேவலையா? நம்ம மக டோரதியும் அவ பச்சப்பிள்ளையும் நல்லாருக்காங்க.

நேத்து கல்லறைத் திருநாளுக்கு எங்க அண்ணன் மகன் அந்தோணிராஜ் இங்கத்த கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். சண்டையில இந்தத் துறைமுகத்துலயே கப்பலோட செத்த வெளிநாட்டு மாலுமிங்களையும் அங்கதான் புதைச்சிருக்கு. ஒரு பூகூட இல்லை. செருப்பைக் கழட்டிட்டுப் போய் ஒரு மாலுமி குழியில மெழுகுவத்தி ஏத்தி, முட்டி போட்டு செபம் சொன்னேன். பாதியிலயே அவன் ஓடியாந்து திரியை நசுக்கிட்டான்.

"அவங்க வேற சபை, அத்தை. சாமியார் பாத்தா ஏசுவாரு லா."

"ஏசட்டும். இவனைப் பெத்தவ உன்னை ஏசமாட்டாளாடா?"

திரும்ப ஏத்தி, எரிஞ்சு முடியிறமட்டும் அங்கேயே உக்காந்துட்டேன். அவன்கிட்ட இன்னும் பேசலை. பஸ்ரா சண்டைக்குப் போய்ச் செத்த நம்ம மகன் சூசையை எங்க புதைச்சாங்கன்னே நமக்குத் தெரியாது. அங்க எவளாவது அவனுக்கு விளக்கு வச்சா, அவ சனமும் இப்படித்தானே அணைக்கும்?

கப்பல் தபால் கட்டுறாங்களாம். சுக்கு கொஞ்சம் அனுப்புங்க, இங்கத்தது காரமே இல்லை. நம்மூர்க் கல்லறை வேலியோரம் ஒரு டச்சுக்காரன் குழி கேப்பாரில்லாமக் கிடக்கே, அதுல நீங்க ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.

மரியபுஷ்பம்