விளம்பரத்தில் வந்த படகு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அப்படியே வைத்துக்கொள். உன் அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பேத்தி வரைந்து அனுப்பிய படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் அது யானை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கென்னவோ அது நான்தான் என்று படுகிறது. மீசை இருக்கிறது.

நீ அனுப்பிய படகு விளம்பரம் கிடைத்தது. "மாமா, இது அவரோடதான்னு பாருங்க" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். போனில் கேட்காமல் என் பூட்டுக்கடை முகவரிக்கு எழுதியது நல்லதாயிற்று. வீட்டில் போன் அடித்தால், நம் பையன்தான் என்று இன்னும் உன் அத்தைதான் ஓடிப்போய் எடுக்கிறாள். அவளுக்கு முந்தி எடுக்க இத்தனை நாளில் என்னால் முடிந்ததே இல்லை.

தனியாகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய படகுகளைப் பார்த்து விலை மதிப்பிடுகிற ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் அவனுக்கு மரங்கொத்தி என்று பெயர். எந்தப் படகைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். நான் வாங்க வந்தவன் என்று சொல்லச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நம் வீட்டு விஷயம் இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

விற்கிறவர் ஒரு ஹோட்டல் முதலாளி. நல்ல மனிதர், வாய் ஓயாது. வாசலில் படகை நிறுத்தி, உள்ளே ஐஸ் நிரப்பி, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை அடுக்கப் போகிறேன் என்று வாங்கினாராம். ஐஸ் உருகி அடிப்பலகை ஊறிப்போனதும் மனைவி ஏசினாளாம். இப்போது அது சமையற்கட்டுக்குப் பின்னால், காலி எண்ணெய் டின்களுக்கு நடுவே இரண்டு மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது.

பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. படகு பச்சை நிறம். நம் பையனுடையது வெள்ளை. பாய்மரம் அலுமினியக் குழாய். அவன் வைத்திருந்தது மரத்தில் இழைத்தது, நீகூட அதற்கு வார்னிஷ் அடித்திருக்கிறாய். இது இல்லை, வேறு யாருடையதோ என்று அங்கேயே திரும்பியிருப்பேன். மரங்கொத்திதான் விடவில்லை. வந்தது வந்தாயிற்று, முறையாகப் பார்த்துவிடலாம் என்றான்.

அடிக்கட்டை நெடுகிலும் தட்டிக்கொண்டே போனான். உள்ளே படுத்து, வளைந்த விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவி விரிசல் தேடினான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பலகைகளையும், செம்பு ஆணிகளையும் பார்த்துவிட்டு, இன்ன ஜாதிப் படகு என்று சொன்னான். நம் படகின் ஜாதிதான். ஆனால் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் கட்டினார்களாம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். அந்த நூற்றுக்கணக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு வந்தான். படகு கட்டியவர்கள் எண்ணைச் செதுக்குகிற இடம் அது. அங்கே எண் இல்லை. "இது தேய்ஞ்சு போனதில்ல. யாரோ இழைப்புளி வெச்சு எடுத்திருக்காங்க. எண் போன படகுக்குப் பாதி விலைகூட வராது" என்றான். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. படகுப் பட்டறையில் வாங்கினேன், அவர்கள் அப்போதே பாய்மரத்தை மாற்றி, பச்சை அடித்துத்தான் வைத்திருந்தார்கள் என்றார்.

அதற்குப் பிறகுதான் முன்பக்கம் போனேன். அம்மா, அங்கே மூக்குப் பலகைக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. பூட்டின்மேலும் பச்சை அடித்திருந்தார்கள். படகுத்துறையில் சாமான் திருடு போகிறது என்று நம் பையன் சொன்னபோது அந்தப் பூட்டை நான்தான் செய்து மாட்டினேன். நாற்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருக்கிறேன். என் கைவேலை எனக்குத் தெரியாமல் போகுமா? இருந்தாலும் என்னுடையதாக இருக்காது என்று நின்றுகொண்டே இருந்தேன். உடைத்தால் மரம் கெட்டுவிடும் என்று திறக்காமலே விட்டுவிட்டேன், சாவி இல்லை என்றார் முதலாளி.

சாவி என் கொத்தில் இருந்தது. பெயின்டைச் சுரண்டிவிட்டுப் போட்டேன். திரும்பியது.

உள்ளே அவனுடைய உயிர்காப்பு மிதவைச் சட்டை இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறம். மடித்து, வாரைச் சுற்றி, போட்டுக்கொள்ளாமலே அப்படியே இருந்தது.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். படகு எப்படிக் கிடைத்தது என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்களா என்று மரங்கொத்தி மெதுவாகக் கேட்டான். "தெற்குப் பாறைகிட்ட கவுந்து கெடந்துச்சாம். பாய் ஏத்துனபடியே இருந்துச்சாம். ஆளு யாரும் இல்லைன்னாங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெரியாது என்பது எனக்கும் தெரியும். காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எங்கே கொண்டுபோய் வைப்பேன்? உன் அத்தை கண்ணில் படாத இடம் என் வீட்டில் ஏது?

படகை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தச் சட்டையை வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. மரங்கொத்தி என் கையிலிருந்து வாங்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டான். போலீசில் சொல்ல வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றான். வருகிற வாரம் போகலாம் என்றிருக்கிறேன். போன வாரமும் அப்படித்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். ஒரு ஹோட்டலில் பூட்டு திறக்கக் கூப்பிட்டார்கள் என்றேன். பொய் இல்லை. என் சட்டையில் பச்சை பெயின்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கறை போன பிறகும். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. உன்னிடமும் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனால் எங்காவது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

பேத்தியை அங்கே பள்ளியில் சேர்க்கலாமா, இல்லை இங்கே திரும்பி வருவதாக இருக்குமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். நானும் பொறு, பொறு என்றே சொல்லிவந்தேன். இனி பொறுக்க வேண்டாம். அங்கேயே சேர்த்துவிடு. வீட்டுக்குப் பக்கத்திலேயே, நீயே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும்படியான பள்ளியாகப் பார். முதல் நாள் அழுதால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நில்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா